மாநகராட்சியிடம் கலைக்கு நிதி கேட்பது எப்படி? மதுரைக் கலைஞர்களின் கேள்விகளும் பதில்களும்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் நாடகக் குழுக்கள், தப்பாட்டக் கலைஞர்கள், ஓவியர்கள் பலருக்கு மனு எழுதவும் கணக்கு முடிக்கவும் உடனிருந்து உதவி வருகிறேன். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்கின்றன.

மாநகராட்சி கலைஞர்களுக்கு நிதி கொடுக்கிறதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

கொடுக்கிறது; ஆனால் பலரும் நினைக்கும் வடிவத்தில் இல்லை. ஆண்டுதோறும் படிவம் வெளியிட்டு, நடுவர்களை வைத்துத் தேர்ந்தெடுத்து, கையில் மானியம் தரும் ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போனால் வாசலிலேயே மனம் உடைந்துவிடும். மாநகராட்சிப் பணம் பெரும்பாலும் ஒரு வேலைக்கான ஊதியமாகத்தான் கலைஞரிடம் வந்து சேர்கிறது. தூய்மை இந்தியா திட்டத்தின் விழிப்புணர்வுச் செலவில் கலைப்பயணம், மழைக்காலத்தில் டெங்கு பற்றிய வீதி நாடகம், பள்ளிச் சுவரிலும் பூங்காச் சுவரிலும் ஓவியம், அரசு விழாக்களில் கலைநிகழ்ச்சி என்று வழிகள் பல.

ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான். ‘அழிந்துவரும் எங்கள் கலைக்கு உதவுங்கள்’ என்று தொடங்கும் மனுவை எந்தக் கணக்குத் தலைப்பில் சேர்ப்பது என்று அதிகாரிக்குத் தெரியாது. ‘இந்த வார்டில், இந்த மக்களுக்காக, இந்த வேலையைச் செய்து தருகிறோம், இவ்வளவு செலவாகும்’ என்று தொடங்கும் மனுவுக்கு அவரே ஒரு தலைப்பைத் தேடிப் பிடிப்பார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் நாடக சபை தொடங்கிய ஊர் இது. இங்குள்ள கலைஞர் தாழ்ந்து நின்று இரந்து கேட்க வேண்டியதில்லை. தன் வேலையின் விலையைச் சொன்னால் போதும்.

எங்கள் பகுதி மாநகராட்சிக்குள் வருகிறதா என்பதே தெரியவில்லை. யாரிடம் போவது?

வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். யார் வசூலிக்கிறார்களோ அவர்கள்தாம் உங்கள் உள்ளாட்சி. மதுரை 1971ஆம் ஆண்டு மாநகராட்சியானது. 2011ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் போன்றவை உள்ளே வந்து, வார்டுகள் 72இலிருந்து 100ஆயின. இப்போது ஐந்து மண்டலங்கள். தலைமை அலுவலகம் தல்லாகுளத்தில் உள்ள அறிஞர் அண்ணா மாளிகை.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகியவை நகராட்சிகள்; அங்கே நகராட்சி ஆணையர். வாடிப்பட்டி, அலங்காநல்லூர், சோழவந்தான், பாலமேடு ஆகியவை பேரூராட்சிகள். அங்கே செயல் அலுவலர். கிராமம் என்றால் ஊராட்சித் தலைவரையும் ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரையும் பார்க்க வேண்டும். சிறிய உள்ளாட்சிகளில் பணம் குறைவு என்றாலும், முடிவு எடுப்பவரை நேரில் பார்ப்பது எளிது. அதை நான் சிறிய வசதியாக நினைப்பதில்லை.

நான் தனி ஆள். குழு, பதிவு, லெட்டர்பேட் என்று எதுவும் இல்லை. நான் கேட்கலாமா?

கேட்கலாம். ஒரு சுவர் ஓவியம், ஒரு பள்ளியில் பயிற்சிப் பட்டறை, ஒரு கச்சேரி போன்ற வேலைகளுக்குத் தனி நபருக்கே பணம் வழங்க முடியும். பான் அட்டை, உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கு, செய்த வேலைகளின் படங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பணத்தை மனைவியின் கணக்கிலோ நண்பரின் கணக்கிலோ போடச் சொல்லிக் கேட்காதீர்கள்; பில் அங்கேயே நின்றுவிடும்.

நாட்டுப்புறக் கலைஞராக இருந்தால், 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகிவிடுங்கள். அந்த அட்டை நிதி தராது. ஆனால் நீங்கள் கலைஞர் என்பதற்கு அரசே தந்த சான்று அது. மாவட்டக் கலை மன்ற விருதுகளையும் மறக்க வேண்டாம். 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி என்று வயதுவாரியாகத் தருகிறார்கள். விருது பெற்றவரின் மனு வேறு மாதிரி படிக்கப்படுகிறது.

குழுவைச் சங்கமாகப் பதிவதா, அறக்கட்டளையாகப் பதிவதா?

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் எழுதிப் பதியலாம். ஆண்டு நடைமுறை குறைவு, ஆனால் அதிகாரம் ஆவணம் எழுதியவர் கையில் தங்கிவிடும்.

நாடகக் குழுவுக்கும் தப்பாட்டக் குழுவுக்கும் சங்கம்தான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. மேடையில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் ஓட்டு இருக்க வேண்டும். பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விடும் குழுக்கள்தாம் அதிகம். நிதி கிடைக்கும் நேரத்தில் பழைய ஆண்டுகளின் பாக்கி வந்து குறுக்கே நிற்கும். பதிவுக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியையாவது ஆண்டுத் தாக்கலுக்கும் காட்டுங்கள்.

மனுவை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தால்தான் மதிப்பார்கள் என்கிறார்களே?

தமிழில் எழுதுங்கள். தமிழ் ஆட்சிமொழி, மாநகராட்சியின் கோப்பும் தீர்மானமும் தமிழில்தான் ஓடுகின்றன. உங்களுக்கே புரியாத ஆங்கிலத்தில் யாரோ அடித்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, அதிகாரி கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

அளவு இரண்டு பக்கம். முதல் பத்தியிலேயே யார், எங்கே, என்ன, எப்போது, எவ்வளவு என்பது வந்துவிட வேண்டும். உதாரணமாக, ‘செல்லூர்ப் பகுதியில் ஐந்து இடங்களில், கைத்தறி நெசவாளர் வாழ்க்கையையும் கண்மாய்ப் பாதுகாப்பையும் சொல்லும் 30 நிமிட வீதி நாடகத்தை, ஜனவரி மாதம் மாலை நேரங்களில் நிகழ்த்த அனுமதியும் 1,50,000 ரூபாய் நிதியும் கோருகிறோம்.’ கலையின் தொன்மை, குழுவின் பெருமை, வாங்கிய கேடயங்கள் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். படங்கள் நான்கு போதும். அவற்றில் ஒன்றாவது பார்வையாளர் கூட்டம் தெரியும் படமாக இருக்கட்டும். பிரமுகரோடு நின்று எடுத்த படம் வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பட்ஜெட்டில் எங்கள் கூலியைப் போடலாமா? பேராசை என்று நினைக்க மாட்டார்களா?

கூலியைத்தான் முதலில் போட வேண்டும். எங்கள் பக்கத்துக் குழுக்கள் மைக் செட்டுக்கும் வேனுக்கும் சந்தை விலை போட்டுவிட்டு, ஆடுபவருக்கும் அடிப்பவருக்கும் சாப்பாட்டுச் செலவு மட்டும் எழுதுகின்றன. மைக் செட்காரர் பணம் இல்லாமல் வர மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. பறை அடிப்பவர் மட்டும் எப்படி வருவார்?

‘நிகழ்ச்சிச் செலவு 1,50,000’ என்று ஒற்றை வரியில் எழுதினால் அதைப் பாதியாகக் குறைப்பது எளிது. மேலே சொன்ன செல்லூர் உதாரணத்தையே பிரித்துப் பார்ப்போம். கலைஞர் 10 பேர், ஐந்து நிகழ்வு, ஒருவருக்கு ஒரு நிகழ்வுக்கு 1,500 வீதம் 75,000. ஒத்திகை நான்கு நாள், ஒருவருக்கு 500 வீதம் 20,000. ஒலிபெருக்கி ஐந்து நாள் 20,000. வண்டி 15,000. சாப்பாடு, தேநீர் 10,000. ஒப்பனை, உடை 6,000. படம் எடுத்து அறிக்கை தயாரிக்க 4,000. கூட்டினால் அதே ஒன்றரை லட்சம்தான். ஆனால் இப்போது எதையாவது குறைக்க விரும்பும் அதிகாரி, ‘ஐந்து இடத்தை மூன்றாக்கலாமா?’ என்று கேட்பார். அது பேசித் தீர்க்கக்கூடிய கேள்வி. தொகைகள் உங்கள் குழுவுக்கு ஏற்ப மாறும். ஒத்திகைக் கூலி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

எந்த மாதத்தில் கொடுப்பது நல்லது?

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச்சில் மனுவோடு போனால் எல்லோரும் கணக்கு முடிப்பதில் மூழ்கியிருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சித்திரைத் திருவிழா வேலையில் நகர நிர்வாகமே தலை நிமிராது. போதாதற்கு, பங்குனியிலும் சித்திரையிலும் உங்கள் குழுவே ஊர்த் திருவிழாக்களில் இருக்கும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மனுக் கொடுத்து, நவம்பர் முதல் ஜனவரிக்குள் வேலையை முடித்து, பிப்ரவரிக்குள் பில்லைச் சேர்ப்பதே எனக்குத் தெரிந்த நல்ல வரிசை. டெங்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றால் மழைக்கு முன்பே நகர்நல அலுவலரைப் பார்த்துவிடுங்கள்.

கவுன்சிலரைத் தெரிந்திருந்தால்தான் நடக்குமா?

தெரிந்திருப்பது தவறில்லை, அவர் உங்கள் வார்டின் பிரதிநிதி. உங்கள் திட்டம் அவர் வார்டில் நடக்கப் போகிறது என்றால் அவருக்குச் சொல்லாமல் இருப்பதுதான் முறையல்ல. பகுதி சபைக் கூட்டங்களில் பேசுவது இன்னும் நல்லது. அங்கே தெருவாசிகளே ‘எங்கள் பூங்காவில் இது நடக்கட்டும்’ என்று சொன்னால் அது பதிவாகும்.

மனுவை ஆணையர் அலுவலகத்திலும் மண்டல உதவி ஆணையரிடமும் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மக்கள் குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம். மாவட்ட நிர்வாகம் சார்ந்தது என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

‘இத்தனை சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்று ஒருவர் வந்திருக்கிறார். என்ன செய்வது?

கொடுக்காதீர்கள். ஒன்றரை லட்சத்தில் அவர் எடுத்துக்கொள்வது பட்ஜெட் பதிலில் உள்ள கூலித் தொகைகளிலிருந்துதான் போகும். வேன்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார். அதிகாரியோ அலுவலரோ கேட்டால் லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் புகார் தரலாம். இடைத்தரகர் என்றால் அவரை விட்டுவிட்டு நேராக அலுவலகம் போங்கள். உங்கள் மனு தெளிவாக இருந்தால் அவருக்கு அங்கே வேலையே இல்லை.

மனுக் கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு பதிலும் இல்லை.

ஒப்புகைச் சீட்டின் எண்ணோடு நேரில் போய், கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கோபமாகக் கேட்டால் ‘பார்க்கிறோம்’ என்பார்கள். பிரிவின் பெயரைக் கேட்டால் பெயர் கிடைக்கும். அடுத்த தடவை நேராக அந்த மேசைக்கே போகலாம்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள், அது விளக்கம் கேட்பதாகிவிடும். ‘இந்த நாளில் இந்த எண்ணில் பெறப்பட்ட மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்’ என்று கேளுங்கள். சென்ற நிதியாண்டில் விழிப்புணர்வுக் கலைநிகழ்ச்சிகளுக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது என்பதையும் அதிலேயே கேட்டு வாங்கலாம். அடுத்த ஆண்டு மனுவுக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

பணம் இல்லை, இடம் வேண்டுமானால் தருகிறோம் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, பல நேரம் அதுவே நல்ல உதவி. மாநகராட்சிப் பள்ளி வளாகம் விடுமுறை நாள்களில் ஒத்திகைக்குக் கிடைத்தால், ஆண்டு முழுவதும் வாடகை மிச்சம். பூங்காவில் மாலை நேரம் கிடைத்தால் பார்வையாளர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். மின்சாரம், குடிநீர், கழிப்பறை, துப்புரவு ஆகியவற்றையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். பெண் கலைஞர்கள் உடை மாற்றப் பூட்டக்கூடிய அறை வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் விளம்பரம் அச்சடிக்காதீர்கள். காவல் துறை அனுமதி தனி. அதை மாநகராட்சி வாங்கித் தராது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் நேரத்தை இதற்கேற்ப முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

சுவர் ஓவியம் வரைய வேண்டும். ஊரெல்லாம் சுவர்தானே, எதைக் கேட்டால் என்ன?

சுவர் யாருடையது என்பதிலேயே பாதித் திட்டங்கள் விழுந்துவிடுகின்றன. மாநகராட்சிப் பள்ளியும் பூங்காவும் பொதுக் கழிப்பிடமும் மாநகராட்சிக்குச் சொந்தம். வைகைக் கரையின் கட்டுமானங்கள் என்றால் நீர்வளத் துறையைக் கேட்க வேண்டும். நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தின் தூண்கள் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையவை. ரயில்வே சுவருக்கு ரயில்வே. திருமலை நாயக்கர் அரண்மனை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் பக்கம் தூரிகையோடு போகவே வேண்டாம். உரியவரிடம் தடையில்லாச் சான்று வாங்கி மனுவோடு இணைத்தால், அதிகாரியின் முதல் கேள்விக்கே பதில் சொல்லியாகிவிட்டது.

ஓவியத்துக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் தந்தால், பொறியியல் பிரிவினர் டேப் பிடித்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதித்தான் பில் போடுவார்கள். நீங்களும் உடன் நின்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 அடி நீளம், 8 அடி உயரச் சுவர் 320 சதுர அடி. அதில் 4க்கு 3 அடி ஜன்னல் இரண்டு இருந்தால் 24 கழித்து, 296க்குத்தான் பணம் வரும். சுரண்டுதல், பட்டி பார்த்தல், பிரைமர் ஆகியவற்றைத் தனி வரிகளாக ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் உழைப்பு முக்கால்வாசி அங்கேதான் போகிறது. வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் என்று ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள்.

முன்பணம் தருவார்களா? பில்லில் பிடித்தம் எவ்வளவு?

முன்பணம் கிடைப்பது அரிது. அதனால் வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, முதல் இரண்டு நிகழ்வுகளுக்குப் பின் ஒரு பகுதி பில், கடைசியில் இறுதி பில் என்று பணி ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். பணி ஆணை இல்லாமல் வாய்மொழி நம்பிக்கையில் வேலை தொடங்கிவிட்டு, பின்னால் தேதி பொருந்தவில்லை என்று பணம் நின்ற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். வட்டிக்கு வாங்கி வேனுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

தனி நபருக்கான ஒப்பந்தத் தொகையில் 1 சதவீதமும், தொழில்முறைச் சேவை என்று கருதினால் 10 சதவீதமும் வருமான வரிப் பிடித்தம் வரலாம். பான் இல்லாவிட்டால் 20. உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பப் பெறலாம். கலைஞர்கள் இதைச் செய்யாமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம். நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடக நிகழ்ச்சிக்குக் கலைஞர் பெறும் தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டாவிட்டால் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு.

‘நமக்கு நாமே’ திட்டத்திலோ எம்.எல்.ஏ. நிதியிலோ கேட்கலாமா?

நிகழ்ச்சிக்குக் கிடைக்காது, கட்டடத்துக்குக் கிடைக்கலாம். எம்.எல்.ஏ., எம்.பி. நிதிகள் நிலைத்து நிற்கும் சொத்தை உருவாக்குவதற்கானவை. உங்கள் தெருவில் எல்லோருக்கும் பயன்படும் திறந்தவெளி மேடை, ஒத்திகைக்கும் உதவும் சமுதாயக் கூடம் என்று ஊரோடு சேர்ந்து கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. ஒரு வணிகர் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ அந்தப் பங்கைத் தர முன்வந்தால், கலைஞர்கள் வடிவமைப்பில் சேர்ந்துகொள்ளலாம். மேடையின் உயரம் எவ்வளவு, விளக்கு மாட்டக் கம்பி எங்கே என்று ஆடுபவரைக் கேட்காமல் கட்டிய மேடைகள் நம் ஊர்களில் எத்தனையோ.

எல்லாக் கதவும் மூடிவிட்டது. மாநகராட்சிக்கு வெளியே வழி உண்டா?

உண்டு. மதுரையிலேயே கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் இருக்கிறது. அரசு விழாக்களுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் பெயர் அங்கே இருக்க வேண்டும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்கவும், நலிந்த நிலையிலுள்ள கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவவும் திட்டங்கள் வைத்திருக்கிறது. தென் மாநிலக் கலைகளுக்கான மத்திய அரசின் தென்னகப் பண்பாட்டு மையம் தஞ்சாவூரில் உள்ளது.

மத்திய கலாசார அமைச்சகத்தில் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை உண்டு. 25 முதல் 40 வரை இளையோர் நல்கை, 40க்கு மேல் மூத்தோர் நல்கை. பதிவு செய்து மூன்றாண்டுகள் ஆன அமைப்புகள் நிகழ்ச்சித் தயாரிப்புக்கும் நிதி கேட்கலாம்; பெரும்பாலும் மொத்தச் செலவில் 75 சதவீதம் வரைதான், மீதியை நீங்கள் காட்ட வேண்டும். மேலே ஆண்டுத் தாக்கல் பற்றி அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகவும்தான். பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, இந்திய மொழிகளிலேயே விண்ணப்பங்களை ஏற்கிறது. தமிழில் எழுதியே அனுப்பலாம். கம்பெனிகள் சட்டம், 2013இன்படி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பாரம்பரியக் கலைகளுக்கும் செலவிடலாம். விளாச்சேரி பொம்மைக் கலைஞர்கள் போன்றோர் கூட்டாகச் சேர்ந்து அணுக வேண்டிய இடம் அது.

நாங்கள் வரைந்த ஓவியத்தின் மேல் நாளைக்கே வெள்ளை அடித்துவிட்டால்?

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அரசு அமைப்பின் பணிக்காகச் செய்யப்பட்ட படைப்பின் பதிப்புரிமை அந்த அமைப்பைச் சேரும் வாய்ப்பே அதிகம். ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், தன் புகழுக்குக் கேடாகப் படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையையும் கலைஞரிடமே விட்டுவைக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்திய வழக்கில், சிற்பி அமர்நாத் சேகல் பக்கம் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

வழக்கு வரை போகாமல் இருக்க, பணி ஆணையிலேயே மூன்று வரிகளைக் கேளுங்கள்: கலைஞர் பெயர் சுவரில் இருக்கும், குறைந்தது இத்தனை ஆண்டு ஓவியம் இருக்கும், அழிப்பதற்கு முன் கலைஞருக்குத் தெரிவிக்கப்படும். மூன்றில் ஒன்றை மட்டுமே ஒப்புக்கொண்டால் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாடகம் குப்பை அள்ளாததையும் கண்மாய் ஆக்கிரமிப்பையும் பற்றிப் பேசுகிறது. மாநகராட்சியிடமே அதற்கு நிதி கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் கதையை மறைத்து வாங்காதீர்கள். மனுவில் ஒரு பத்திக் கதைச்சுருக்கம் கொடுங்கள். பிரச்சினையைச் சொல்லி, தெருவாசி என்ன செய்ய வேண்டும், அலுவலகம் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கமும் பேசும் நாடகத்தை ஏற்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளரைக் கேலிப் பாத்திரமாக்கும் நாடகத்தை அவர்கள் ஏற்றாலும் நான் ஏற்க மாட்டேன்.

வசனத்தை மாற்றச் சொன்னால், எந்த வரி, ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். நாடகத்தின் உயிரே அந்த வரி என்றால் நிதியை விட்டுவிட்டு, இடத்துக்கான அனுமதியை மட்டும் வாங்கி, தெருவில் துண்டு விரித்து நடத்துங்கள். நாடகங்களுக்கு முன் அனுமதி கேட்ட 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்த்துச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, அரசமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தள்ளியது. ஆகவே வசனத்துக்கு யாரிடமும் முத்திரை வாங்க வேண்டியதில்லை. மைக்குக்கும் இடத்துக்கும்தான் அனுமதி வேண்டும்.